லாக்கப்பில் இருந்தவன் எழுதிய பக்கம்

அத்தியாயம் ஏழு

ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. தெரு வெளிச்சம் ஒரு கோடாகச் சுருங்கிக் காணாமல் போனது.

"கல்லு வுடறாங்க அக்கா! பந்த்காரங்க இந்தப் பக்கந்தான் வந்துகினு இருக்காங்க. நீங்க உள்ளயே பத்திரமா வேலைய பாருங்க, அடங்கினதும் வந்து தொறக்கறேன்!"

வெளியிலிருந்து வந்த சுனிலின் குரலில் அக்கறை சொட்டியது. அதற்குப் பிறகு பூட்டு மாட்டும் சத்தம். அதற்குப் பிறகு அவசரமில்லாத செருப்புச் சத்தம்.

மல்லிகா இருட்டில் தடவி லைட் சுவிட்சைப் போட்டாள். சித்தூரில் துப்பறியும் ஏஜென்சி வைத்திருப்பவள். பத்தில் ஒன்பது கேஸ் மாப்பிள்ளை விசாரிப்பது. குடிக்கிறானா, வேறு வீடு இருக்கிறதா, துபாயில் செய்வதாகச் சொல்லும் வேலை நிஜமா. இன்றைய கேஸ் அந்த ஒன்பதில் சேராது.

"அக்கா, ஒரு சந்தேகம்," என்றான் சிரஞ்சீவி. அவளுடைய உதவியாளன். சென்னையில் கால் சென்டரில் இரண்டு வருஷம் அமெரிக்கக்காரர்களிடம் திட்டு வாங்கிவிட்டு ஊர் திரும்பியவன். "பூட்டு எதுக்கு? ஷட்டர எறக்கினா போதாதா? கல்லு வுடறவன் கதவத் தொறந்து உள்ள வந்து வுடுவானா?"

"பேசாம வேலைய பாரு."

"பாக்கறேன். ஆனா நாம இப்ப பாதுகாப்பா இருக்கோமா, மாட்டிக்கினு இருக்கோமான்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பயப்படலாம்."

மல்லிகாவுக்கும் அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது நீலாத்ரி ஓவர்சீஸ். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம். மூன்றே பேர். முதலாளி ரங்கையா பிறந்து வளர்ந்ததெல்லாம் திருப்பதி, தமிழ் ஒரு வார்த்தை வராது. பந்த்தில் சிக்கி ஹைதராபாத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது, மேனேஜர் சுனில். மூன்றாவது, கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொண்ட ஹரிபாபு. ஹரிபாபு இப்போது போலீஸ் லாக்கப்பில் இருக்கிறான்.

குவைத்தில் டிரைவர் வேலை என்று அந்த சைட்டில் ஒரு விளம்பரம் வந்தது. அதை நம்பி நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒன்பது பேர் போனார்கள். இறங்கிய அன்றே பாஸ்போர்ட் பிடுங்கப்பட்டது. வண்டியும் கிடையாது, ரோடும் கிடையாது. மணலுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை, நூற்றுக்கணக்கில் ஆடு. கொட்டகைக்கு வெளிப்பக்கம் பூட்டு. அவர்களில் ஒருவன் எப்படியோ ஊருக்கு போன் போட்டு அழுதான். அதற்குள் விளம்பரம் சைட்டிலிருந்து மறைந்துவிட்டது. போலீஸ் தோண்டியபோது 'எழுதியவர்' என்ற இடத்தில் ஹரிபாபுவின் பெயர் இருந்தது.

அவன் மனைவி சந்தியா சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். நேற்று மல்லிகாவிடம் வந்து அழாமல் பேசினாள்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அவர சித்தூர் ஜெயிலுக்கு கூட்டிகினு போயிடுவாங்க மேடம். வக்கீலுங்க யாரும் கோர்ட்டுக்கு போறதில்ல. ஸ்டிரைக்கு. உள்ள போறதுக்கு ஒரு வேன் இருக்குது. வெளிய வர்றதுக்கு ஒன்னுமே இல்ல."

மாநிலத்தைப் பிரிக்கக் கூடாது என்று இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அந்தப் பக்கம் முழுக்க மூடிக் கிடந்த மாதங்கள் அவை. பஸ் இல்லை, பேங்க் இல்லை, கரண்ட் நினைத்தால் வரும். சிரஞ்சீவியின் பைக்கில் பாகாலா வழியாக, டயர் எரிந்துகொண்டிருந்த இடங்களைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். போலீஸ் விரட்டியது போலவே சுனிலும் தங்களை விரட்டுவான் என்று மல்லிகா எதிர்பார்த்திருந்தாள். அவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

"ஹரி நல்லவன் அக்கா. எப்டியாவது காப்பாத்துங்க. நானும் நம்ம ஆளுதான், சத்தியவேடு பக்கம். வூட்ல தமிழு, பள்ளிக்கூடத்துல தெலுங்கு. தமிழ் எழுத்து ஒன்னுகூட தெரியாது, பஸ் போர்டக்கூட படிக்க மாட்டேன்," என்று சிரித்தான். பிறகு கம்ப்யூட்டரின் முன் அவனே உட்கார்ந்து, பாஸ்வேர்டை அவனே தட்டி, வெப்சைட்டின் உள்பக்கத்தைத் திறந்துவிட்டான். "இந்த பாஸ்வேர்டு மொதலாளியோட சாவி. எல்லாத்தையும் பாக்கலாம். அந்த விளம்பரம் குப்பையில கெடக்குது. ரெஸ்டோர் அடிச்சா பழையபடி வந்துரும். வேணுங்கறத மாத்திப் பாருங்க, நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அவன் எழுந்து வெளியே போனான். ஷட்டர் விழுந்தது.

சிரஞ்சீவி நாற்காலியை இழுத்துப் போட்டு மவுஸைப் பிடித்தான். குப்பை என்ற பகுதியில் ஒரே ஒரு விளம்பரம் கிடந்தது. பக்கத்தில் எழுதியவர் பெயர்: ஹரிபாபு.

"கெடக்குது அக்கா. ரெஸ்டோர் அடிக்கறேன்."

"கைய எடு."

"அடிச்சாதான தொறக்கும்?"

"மாப்புள வூட்டப் பத்தி தெரியணும்னா மாப்புள வூட்டு கதவத் தட்டுவியா? எதிர் வூட்டு இஸ்திரிக்காரன கேப்பியா? தொடாம பாக்க வழி இருக்குதா, சொல்லு."

சிரஞ்சீவி தலையைச் சொறிந்தான். "இருக்குது. ஆனா மொதல்ல உனக்கு இது இன்னான்னு தெரியணும். இந்த மாதிரி சைட்ல பக்கம்னு ஒன்னு எங்கயுமே கெடையாது அக்கா."

"பின்ன ஜனங்க பாக்கறது இன்னா?"

"தோசை."

மல்லிகா அவனை முறைத்தாள்.

"நெஜமாத்தான். ஓட்டல்ல தோசைய சுட்டு அடுக்கி வெச்சிருக்காங்களா? மாவு ஒரு டிரம்ல இருக்குது, சட்னி ஒரு குண்டான்ல. ஆளு வந்து ஒக்காந்ததும் ஊத்தி, சுட்டு, தட்டுல வெப்பாங்க. இதுவும் அப்டித்தான். எழுத்தெல்லாம் ஒரு டிரம்ல. எழுதுன ஆளுங்க பேரு வேற டிரம்ல. போட்டோவ மாசாமாசம் தனி மூட்டையா கட்டி ஒரு மூலையில. யாராவது சைட்ட தொறந்தா, மூணையும் எடுத்து அப்பதான் ஒரு பக்கம் சுடும். இந்த விளம்பரத்த அழிச்சவன் மெனு போர்டுல பேர மட்டுந்தான் அழிச்சிருக்கான். அவ்ளோதான். மாவு அப்டியே கீது."

"அப்போ ஓட்டலுக்குள்ள போகாம, பின்பக்கமா குடோனுக்குப் போ."

"குடோனுக்கு வேற சாவி."

"அது எங்க?"

"இதே கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல்ல இருக்கும். சமையல்காரனே டிரம்ம தொறக்கணும் இல்ல? அவனுக்காக எழுதி வெச்சிருப்பாங்க."

அவன் தேட ஆரம்பித்தபோது கரண்ட் போனது. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. மேஜைக்கு அடியில் யுபிஎஸ் 'கீக்' என்று கத்தியது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம் தாங்கும்?"

"புதுசா இருந்தா நெறைய. இதப் பாத்தா நம்ம ரெண்டு பேருக்கும் மூத்ததா தெரியுது."

காற்று அடைத்துக்கொண்டது. ஜன்னல் இல்லாத அறை. பின்பக்கம் ஒரு கழிப்பறை, அதற்கு மேலே ஒரு பூனைகூட நுழைய முடியாத வெண்டிலேட்டர். மல்லிகா ஷட்டரில் காதை வைத்துக் கேட்டாள். கோஷம் இல்லை. கல் விழும் சத்தம் இல்லை. தூரத்தில் யாரோ நாயை அதட்டினார்கள், அவ்வளவுதான். அவள் முதுகில் வியர்வை கோடாக இறங்கியது.

"தொறந்துருச்சு அக்கா!"

திரையில் இப்போது படமும் இல்லை, வண்ணமும் இல்லை. கட்டம் கட்டமாக வெறும் எழுத்து. சிரஞ்சீவி அதில் விரலை வைத்தான்.

"இதான் எழுத்து டிரம்மு. அந்த விளம்பரம் ஒரு வரி இல்ல, ஏழெட்டு வரி கீது. எழுதறவன் எழுதிகினு இருக்கும்போதே நடுவுல நடுவுல இது ஒரு நகல் எடுத்து வெச்சுக்கும். கடைசி வரிதான் வெளிய போனது. மேல இருக்கறதெல்லாம் கிறுக்குனது, அடிச்சது, திருத்துனது. எழுதுனவனே மறந்திருப்பான். இது மறக்காது."

"யாரு பேரு போட்டிருக்குது?"

சிரஞ்சீவியின் உற்சாகம் இறங்கியது. "எல்லாத்துலயும் ஒரே நம்பரு. ஹரிபாபு நம்பரு."

யுபிஎஸ் மறுபடி கத்தியது. பின்பக்கமாகப் போயும் அதே பெயர்தான். சந்தியாவின் வறண்ட முகம் மல்லிகாவின் கண்ணுக்குள் வந்துபோனது.

"மொத நகல்ல இன்னா எழுதியிருக்குது? படி."

"தெலுங்கு. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்."

"கூட்டு."

"வ... ண்டி. ஓ... ட்ட. தெ... ரி... ஞ்..." சிரஞ்சீவி நிறுத்தினான். திரையை நெருங்கிப் பார்த்தான். "இது இன்னா தெலுங்கு?"

"இன்னும் படி."

"'வண்டி ஓட்ட தெரிஞ்சா போதும். சாப்பாடு, ரூம் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க.' அக்கா! எழுத்துதான் தெலுங்கு. பேசறது தமிழு!"

மல்லிகா முதன்முறையாக உட்கார்ந்தாள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் இதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் யோசிப்பது தமிழில், கை போவது தெலுங்கு எழுத்தில். கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி எழுதித் தரச் சொன்னால்கூட அப்படித்தான் தருவார்கள். இதை எழுதியவனும் முதலில் தனக்கு வருகிற பேச்சில் தட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்து அதை நல்ல தெலுங்காக மாற்றியிருக்கிறான். தட்டியதை அழித்துவிட்டதாக நினைத்திருக்கிறான்.

"ஹரிபாபு எங்க படிச்சான்னு சந்தியா சொன்னது ஞாபகம் இருக்குதா?"

"ஊத்துக்கோட்டை. தமிழ் மீடியம். தெலுங்குல கையெழுத்துகூட போட வராது, யாராவது எழுதிக் குடுத்தா ஒட்டறதுதான் அவரு வேலைன்னு சொல்லிச்சு."

"இது எழுதிக் குடுத்து ஒட்டுனது இல்ல. அரையும் குறையுமா நகல் இருக்குது. உக்காந்து தட்டுனது. மொதலாளிக்கு தமிழே வராது. மிச்சம் யாரு?"

சிரஞ்சீவி ஷட்டரைப் பார்த்தான். "நமக்கு டீ வாங்கிக் குடுத்தவன். பஸ் போர்ட படிக்கத் தெரியாதுன்னு பெருமையா சொன்னவன்." விசில் அடிக்க உதட்டைக் குவித்து, அடிக்காமல் விட்டான். "ஆனா ஒன்னு இடிக்குது அக்கா. அவன்தான் எழுதுனான்னா, நம்மள ஏன் இங்க உக்கார வெக்கணும்? டேஞ்சர் இல்ல?"

அதுதான் மல்லிகாவுக்கும் இடித்தது. திருடன் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டான்.

"மொதல்ல இருந்த பக்கத்துக்குப் போ. அவன் தொறந்து குடுத்தானே, அது."

சிரஞ்சீவி திருப்பினான். மல்லிகா விளம்பரத்தைப் பார்க்கவில்லை. திரையின் வலது மூலையைப் பார்த்தாள். வீட்டுக்குள் வருகிற ஆளைப் பெயர் சொல்லி வரவேற்பது போல அங்கே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது.

ஹலோ, ஹரிபாபு.

"இது மொதலாளி சாவி இல்ல," என்றாள் மெதுவாக. "நாம இங்க ஏதாவது ஒன்ன அமுக்கினா யாரு பேருல ஏறும்?"

"உள்ள வந்த சாவி யாரோடதோ அவங்க பேருல. அதுக்கு கைய பாக்கத் தெரியாது அக்கா, சாவியத்தான் பாக்கும்..." சிரஞ்சீவி மவுஸிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தான். "ஐயோ. ரெஸ்டோர் அடி, மாத்திப் பாருன்னு தேன் மாதிரி சொன்னானே!"

"ஹரிபாபு ஆளுங்க, ஹரிபாபு சாவிய வெச்சுகினு, ஹரிபாபு எழுதுனத திருத்தறாங்க. இப்ப போலீஸ் வந்து பாத்தா இன்னா நெனைக்கும்? அவன் செஞ்சதுக்கு இதவிட சாட்சி வேணுமா?" மல்லிகா எழுந்தாள். "பூட்டு கல்லுக்காக இல்ல. போலீஸ் வர்ற வரைக்கும் நாம போயிடக் கூடாதுன்னு."

"அப்போ மாட்டிக்கினுதான் இருக்கோம். தெரிஞ்சுபோச்சு. பயப்பட ஆரம்பிக்கலாமா?"

"இரு."

"லாக் அவுட் பண்ணிட்டு நல்ல புள்ளங்க மாதிரி உக்காந்துக்கலாம் அக்கா. தொடலன்னு சொல்லலாம்."

"தொடலன்னு நிரூபிச்சா நாம தப்பிப்போம். ஹரிபாபு வேன்ல ஏறுவான்." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யுபிஎஸ் இப்போது விடாமல் கத்தத் தொடங்கியிருந்தது. "அப்டியே வுடு. மூடாத. அந்த பழைய விளம்பரத்த மட்டும் தொடாத."

வெளியே ஜீப் நின்றது. பூட்டுச் சத்தம். ஷட்டர் எகிறியது. வெளிச்சம் கண்ணில் அறைந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சென்னகேசவுலு குனிந்து உள்ளே வந்தார். பெரிய உடம்பு. பல நாள் பந்தோபஸ்துக் களைப்பு முகத்தில் அப்பியிருந்தது. பின்னால் சுனில்.

"பாருங்க சார்! மொதலாளிய கேட்டு வந்தாங்க. தண்ணி குடுக்கலாம்னு அந்தாண்ட போனேன், அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டாங்க. ஆதாரத்த அழிக்கறாங்கன்னு தெரிஞ்சதும்தான் பூட்டிட்டு உங்களுக்கு போன் பண்ணேன்."

"ஏம்மா, என்ன இது?" எஸ்.ஐ.யின் தமிழ் தெலுங்கு வாடையோடு வந்தது. "சித்தூர்லேருந்து இதுக்குத்தான் வந்தியா?"

"தப்புத்தான் சார்," என்றாள் மல்லிகா. சிரஞ்சீவி அவளைத் திரும்பிப் பார்த்தான். "எங்கள கூட்டிகினு போங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி இந்த நாற்காலில உக்காருங்க. மிஷினு இன்னும் கொஞ்ச நேரம்தான் உயிரோட இருக்கும்."

"நானா? எதுக்கு?"

"உங்க பேர அடிங்க. அவ்ளோதான். கேஸு விளம்பரத்த தொட வேணாம். புதுசா ஒரு வெத்துப் பக்கம் எடுத்து குடுக்கறான் என் ஆளு."

எஸ்.ஐ. சந்தேகமாகப் பார்த்தார். களைத்தவர்களுக்கு நாற்காலி என்ற வார்த்தை பிடிக்கும். உட்கார்ந்தார். சிரஞ்சீவி வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தான். அவர் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, தன் பெயரை அடித்தார். யுபிஎஸ் அலறியது.

"இப்ப அந்த நீலப் பொத்தான அமுக்குங்க சார். சேவ்."

அமுக்கினார்.

"எல்லா பக்கமும் இருக்கற எடத்துக்கு போடா."

சிரஞ்சீவி போனான். மேலே முதலில் புதிதாக ஒரு வரி நின்றது. தலைப்பில் எஸ்.ஐ.யின் பெயர். தேதி, இன்று. எழுதியவர்: ஹரிபாபு.

எஸ்.ஐ. அதைப் படித்தார். மறுபடி படித்தார். தன் வலது கையின் ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

"சார், ஹரிபாபு இப்ப எங்க இருக்கான்?"

அவர் செல்போனை எடுத்து ஸ்டேஷனுக்கு அடித்தார். அறை அமைதியாக இருந்ததால் எதிர்முனையும் கேட்டது.

"ஹரிபாபு உன்னாடா?"

"உன்னாடு சார். வேன்லோ எக்கிஸ்துன்னாம்." இருக்கிறான், வேனில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

"உண்டு," என்று எஸ்.ஐ. எதிர்முனையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தார். "அவன் அங்க வேன் படியில நிக்கறான். இங்க உக்காந்து எழுதறான்."

"நீங்க எழுதுனதும் அவன் பேருலதான் ஏறுச்சு. அந்த விளம்பரமும் அப்டித்தான் ஏறுச்சு. இது கைய பாக்காது சார், சாவியத்தான் பாக்கும். அந்த சாவிய இன்னைக்கு தட்டி தொறந்தது நானும் இல்ல, என் ஆளும் இல்ல."

சுனில் முன்னால் வந்தான். "பொய் சார்! நான் தொறக்கல. அந்த பாஸ்வேர்டு ஒன்னும் ரகசியம் இல்ல. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது.

"எல்லாருக்குமா?" என்றார் எஸ்.ஐ.

சுனில் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"மூணு பேரு ஆபீசு இது," என்றான் சிரஞ்சீவி மரியாதையாக. "எல்லாருன்னா கூட்டம் ரொம்ப கம்மி சார்."

மல்லிகா குடோன் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். முதல் நகலை எஸ்.ஐ. உரக்கப் படித்தார். எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெலுங்கில் அர்த்தம்தான் வரவில்லை. இரண்டாவது வார்த்தையில் புருவம் சுருங்கியது.

"இது தமிழா?"

"தெலுங்கு எழுத்துல தமிழு. தமிழ் எழுத்து தெரிஞ்ச ஹரிபாபு எதுக்கு சார் இந்தப் பாடு படணும்? தமிழ் எழுத்து ஒன்னுகூட தெரியாதவன்தான் இப்டி எழுதுவான். அவன் யாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு பேப்பர் குடுத்து, தமிழ்ல நாலு வார்த்தை எழுதச் சொல்லுங்க."

எஸ்.ஐ. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து சுனில் பக்கம் நீட்டினார். சுனில் அதை வாங்கவில்லை. அவன் பார்வை ஷட்டர் பக்கம் போனது. அங்கே கான்ஸ்டபிள் இரண்டு காலையும் அகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஒன்பது பேரு பாஸ்போர்ட்டு யாருகிட்ட இருக்குதுன்னு அவனுக்குத் தெரியும் சார்," என்றாள் மல்லிகா. "அத மொதல்ல கேளுங்க."

போனில் எதிர்முனை இன்னும் காத்திருந்தது. வண்டி இன்ஜின் உறுமுவது கேட்டது. எஸ்.ஐ. அதைக் காதில் வைத்தார். கண்ணை சுனில் மேலிருந்து எடுக்காமல், இங்கிருப்பவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்:

"ஹரிபாபுவ வேன்லேருந்து எறக்கு. வேன் அங்கயே நிக்கட்டும், வேற ஆளு வர்றான்."